ரெண்டு நாள் லீவுல செஞ்சியைச் சுத்திப் பாக்குறது எப்படி

சென்னைலேர்ந்து சனி ஞாயிறு எங்கயாவது போகலாம்னு யார் கேட்டாலும் நான் சொல்றது ஒரே ஊருதான், செஞ்சி. விழுப்புரம் மாவட்டத்துல செஞ்சியை நடுவுல வெச்சுக்கிட்டு அதைச் சுத்தி ஒரு நாப்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள்ள மட்டும் சுத்துங்க, ரெண்டு நாள் பத்தாது. திருவண்ணாமலைக்குப் போற பஸ் எல்லாம் தினமும் இந்தக் கோட்டைச் சுவரைத் தாண்டிதான் போகுது, ஜன்னல்லேர்ந்து எட்டிப் பாத்து "இதுதான் தேசிங்கு ராஜா கோட்டை"ன்னு பக்கத்து சீட்டுக்குக் காட்டிட்டு அப்படியே போய்டறோம். எறங்கிப் பாத்தா பல்லவர் காலத்துல பாறையைக் குடைஞ்சு எடுத்த குடைவரைக் கோயில், சமண முனிவர் உண்ணாம இருந்து உயிர் விட்ட பாறை, கல்லா மாறிப் போன மரம், எல்லாம் ஒண்ணுக்கொண்ணு அரை மணி ஒரு மணி நேரத் தூரத்துல இருக்கு.

மொதல்ல ஒண்ணை முடிவு பண்ணிக்கோங்க. பாண்டிச்சேரியையும் திருவண்ணாமலையையும் இந்த ட்ரிப்ல சேக்காதீங்க. "பக்கத்துல தானே, அப்படியே ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாம்"னு வண்டில ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாங்க, ஒத்துக்கிட்டீங்கன்னா ரெண்டு நாளும் ரோட்லயே போய்டும், கோட்டைக்கு ரெண்டு மணி நேரம் கூட மிஞ்சாது. அந்த ரெண்டு ஊருக்கும் தனியா ஒரு லீவு போடுங்க.

எப்பப் போறதுங்கறதும் முக்கியம். கேலண்டர்ல பௌர்ணமி எப்பன்னு பாருங்க, அதை ஒட்டின சனி ஞாயிறை விட்டுடுங்க. கிரிவலத்துக்குப் போற கூட்டம் மொத்தமும் இதே திண்டிவனம் - செஞ்சி ரோட்லதான் போகும், பஸ்ல நிக்க இடம் இருக்காது, லாட்ஜ்ல ரூம் கெடைக்காது. ஞாயித்துக்கிழமை நம்ம போகப் போற திருவக்கரை வக்கிரகாளி அம்மன் கோயில்லயும் பௌர்ணமிக்குத்தான் பெரிய கூட்டம். காணும் பொங்கல் அன்னிக்கும் வேணாம், சுத்துப்பட்டு ஊரே கோட்டைக்குள்ளதான் இருக்கும். பொங்கல் கூட்டம் கலைஞ்சதுலேர்ந்து மாசி வரைக்கும் இருக்குற வாரங்கள்தான் என் கணக்குல சரியான நேரம், மழை விட்டிருக்கும், ஏரியில தண்ணி நிக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, ரோட்டோரத்துல பனங்கிழங்கு கட்டு கட்டா விப்பாங்க. சித்திரை வைகாசில போகவே போகாதீங்க, எல்லாமே பாறை, பத்து மணிக்கே கால் வெக்க முடியாது, அக்னி நட்சத்திரத்துல கொழந்தைங்களைக் கூட்டிட்டு ராஜகிரி ஏறுறது ஆபத்தான வேலை.

கார்ல போறவங்க சனிக்கிழமை காலைல 5 மணிக்கு முன்னாடி தாம்பரத்தைத் தாண்டிடணும். அதுக்கப்புறம் பெருங்களத்தூர்லேர்ந்து செங்கல்பட்டு வரைக்கும் ஊர்ந்துகிட்டுதான் போகணும், வீக்கெண்டுல அதுக்கு விதிவிலக்கே கெடையாது. ஜிஎஸ்டி ரோட்லயே நேரா திண்டிவனம், பரனூர்லயும் ஆத்தூர்லயும் டோல் இருக்கு, ஃபாஸ்டேக்ல காசு இருக்கான்னு முந்தின நாளே பாத்துடுங்க. திண்டிவனத்துல ஹைவேயை விட்டு எறங்கி திருவண்ணாமலை ரோட்டைப் புடிச்சா சுமார் முப்பது கிலோமீட்டர்ல செஞ்சி. மொத்தத்துல சென்னைலேர்ந்து நூத்தம்பது நூத்தறுபது கிலோமீட்டர், சுத்துற தூரமும் திரும்பி வர்றதும் சேத்து நானூறு வெச்சுக்கோங்க, அதுக்கேத்த மாதிரி பெட்ரோல் போட்டுக்கலாம்.

கார் இல்லைன்னாலும் ஒரு கொறையும் இல்ல. கிளாம்பாக்கத்துலேர்ந்து திண்டிவனம் வழியா திருவண்ணாமலை போற பஸ் நெறைய இருக்கு, செஞ்சில எறங்கிக்கலாம். ஏறும்போதே கண்டக்டர்கிட்ட "செஞ்சி வழியா தானே போகும்"னு கேட்டுக்கோங்க. இல்ல எழும்பூர்லேர்ந்து ட்ரெயின்ல திண்டிவனம் போய் அங்கேர்ந்து பஸ். சனிக்கிழமைக்கு லோக்கல் ஆட்டோ போதும், ஆனா ஞாயித்துக்கிழமை பாக்குற எடங்களுக்கு டவுன் பஸ் நேரத்துக்கு நேரம்தான் வரும், அதை நம்பிப் போனா ஒரு குடைவரையோட நாள் முடிஞ்சுடும், அதனால செஞ்சிலயே ஒரு காரோ ஆட்டோவோ நாள் வாடகைக்குப் பேசிக்கோங்க. எந்தெந்த ஊருன்னு ஒண்ணு விடாம மொதல்லயே சொல்லிப் பேசுங்க, குடைவரைன்னு சொன்னா சில பேருக்குப் புரியாது, "மண்டகப்பட்டு மலைக் கோயில்"னு ஊர் பேரோட சொல்லுங்க.

தங்குறதுக்கு செஞ்சி டவுன்லயே சாதாரண லாட்ஜ் இருக்கு. ஃபேன், சுத்தமான பெட், வெந்நீர், அவ்வளவுதான் எதிர்பாக்கணும். இன்னும் வசதி வேணும்னா திண்டிவனம், விழுப்புரம் போகணும், ஆனா செஞ்சிலயே தங்குறதுதான் நல்லது, காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வேலையை ஆரம்பிச்சுடலாம். பையில ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, தொப்பி, கிரிப் இருக்குற ஷூ, ஒரு டார்ச், கொஞ்சம் பத்து இருபது ரூபாய் சில்லறை. சில கிராமத்துல சிக்னல் சரியா வராது, ஜிபே நம்பி நிக்க வேணாம். மேப்பையும் செஞ்சில வைஃபை இருக்கும்போதே டவுன்லோடு பண்ணிக்கோங்க. டாய்லெட் விஷயத்துல பொம்பளைங்க முக்கியமா கவனிங்க, கோட்டையை விட்டா மத்த எடத்துல எதுவும் இருக்காது, கெளம்பும்போது லாட்ஜ்லயும் வழில பெட்ரோல் பங்க்லயும் முடிச்சுக்கறதுதான் வழி.

சனிக்கிழமை முழுக்க கோட்டைக்கே. திண்டிவனத்துல டிபனை முடிச்சுட்டு கவுண்டர் தொறக்குற நேரத்துக்கே போய் நில்லுங்க. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை, மூணையும் சேத்து வளைச்சுக் கட்டின மதில் மட்டுமே கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். ஊர்க்காரங்க ராஜா கோட்டை, ராணி கோட்டைன்னுதான் சொல்லுவாங்க, ராஜா கோட்டைன்னா ராஜகிரி, ராணி கோட்டைன்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குற கிருஷ்ணகிரி. வாங்குன டிக்கெட்டை பத்திரமா வெச்சுக்கோங்க, ரெண்டு பக்கமும் காட்ட வேண்டியிருக்கும்.

எதை மொதல்ல ஏறுறதுன்னா ராஜகிரிதான், யோசிக்கவே வேணாம். சுமார் 800 அடி உயரம், மதியத்துக்கு மேல ஏற விட மாட்டாங்க, அதனால கீழ இருக்குற மகாலையெல்லாம் "ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போலாம்"னு நின்னுடாதீங்க, அதுங்க வெயில்லயும் அங்கயேதான் இருக்கும். வழில கமலக்கண்ணி அம்மன் கோயில் வரும், அங்க ஒரு தடவை உக்காந்து மூச்சு வாங்கிக்கோங்க. சாதாரணமா நடக்குறவங்களுக்கு மேல போக ஒண்ணரை மணி நேரம் ஆகும். படி சில எடத்துல முழங்கால் உயரத்துக்கு இருக்கும், முட்டி வலி இருக்குறவங்களும் பிபி இருக்குறவங்களும் கீழயே இருந்துடறது நல்லது, அவங்களுக்குப் பாக்கக் கீழக் கோட்டையே அரை நாளைக்கு இருக்கு.

ஏறும்போது ஒவ்வொரு வாசல்லயும் கொஞ்சம் நின்னு பாருங்க. நேரா வர்ற வழி திடீர்னு திரும்பும், திரும்பின எடத்துல வாசல், வாசலுக்கு மேல ஆள் நிக்க எடம், இப்படியே ஒண்ணு மாத்தி ஒண்ணு. எல்லாத்தையும் தாண்டி உச்சிக்குப் பக்கத்துல வந்தா பாறை ரெண்டா பொளந்து பெரிய பள்ளம், அதுக்கு மேல ஒரு சின்ன பாலம். அந்தக் காலத்துல பாலத்தை எடுத்துட்டாங்கன்னா அவ்வளவுதான், எவ்வளவு பெரிய படையா இருந்தாலும் அந்தப் பக்கமேதான் நிக்கணும். சிவாஜி 1677-ல இந்தக் கோட்டையைப் புடிச்சாரு, அவரு மகன் ராஜாராம் மகாராஷ்டிராவுலேர்ந்து தப்பிச்சு வந்து இங்கதான் இருந்தாரு, மொகலாயப் படை 1690-லேர்ந்து 1698 வரைக்கும் கீழ முற்றுகை போட்டுக் கெடந்துச்சு. அந்தப் பாலத்துல நின்னு கீழ எட்டிப் பாத்தீங்கன்னா எட்டு வருஷம் ஏன் ஆச்சுன்னு யாரும் விளக்க வேண்டியதில்ல. மேல ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், ஒரு பெரிய பீரங்கி எல்லாம் இருக்கு. 2025 ஜூலைல யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள்னு 12 கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு, மகாராஷ்டிராவுக்கு வெளில இருக்குறது இது ஒண்ணுதான். மராட்டியர் பேர்ல பட்டியல்ல ஏறினாலும் கோட்டையை ஆரம்பிச்சது இந்த மண்ணுல இருந்த கோன் வம்சத்து ஆனந்தக் கோன், 1200 வாக்குல, அப்புறம் நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரன், வெள்ளைக்காரன்னு எல்லாரும் கைமாத்தி கைமாத்தி வெச்சிருந்தாங்க. கொழந்தைங்களோட போறவங்க இதையும் சேத்தே சொல்லிக் குடுங்க.

கொரங்கு விஷயம் ஒண்ணு இருக்கு. கைல கவர் வெச்சிருந்தா புடுங்கிட்டுப் போய்டும், பிஸ்கெட்டா பாட்டிலான்னு பாக்காது. எல்லாத்தையும் ஜிப் போட்ட பையில முதுகுல மாட்டுங்க, மேல உக்காந்து சாப்புடாதீங்க, அதுங்களுக்கு எதையும் போடாதீங்க.

கீழ எறங்கினதும் கல்யாண மகால். நடுவுல அடுக்கு அடுக்கா உசந்து போய் உச்சியில கூம்பா முடியுற கோபுரம், சுத்தியும் சின்னச் சின்ன அறை, மேல் அடுக்கு வரைக்கும் மண் குழாய் வெச்சு தண்ணி கொண்டு போயிருக்காங்க. பக்கத்துலயே ஆனைக்குளம், களஞ்சியம், எல்லாமே சமதரை, பெரியவங்க நிதானமா நடக்கலாம். அப்புறம் வெங்கடரமணர் கோயில், இதை நெறைய பேர் விட்டுட்டுப் போய்டறாங்க, விட்டுடாதீங்க. நாயக்கர் காலத்துக் கோயில், வாசல் கோபுரத்துக்குக் கீழ ராமாயணக் காட்சி செதுக்கியிருக்காங்க. பாண்டிச்சேரி பீச்ல காந்தி சிலையைச் சுத்தி ஒசந்த கல்லுத் தூண்கள் நிக்குமே, அதெல்லாம் செஞ்சிலேர்ந்து பிரெஞ்சுக்காரங்க எடுத்துட்டுப் போனது. பாண்டில அந்தத் தூணுக்குக் கீழ நின்னு போட்டோ எடுக்காதவங்க யாரு, அது இருந்த ஊரையும் ஒரு தடவை பாக்கணும்ல.

கால்ல தெம்பு இருந்தா கிருஷ்ணகிரி, ஏறுறது ரொம்ப சுலபம், மேல குவிமாடம் போட்ட தர்பார் மண்டபத்துல காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும். இல்லைன்னா மதிய சாப்பாட்டை டவுன்ல முடிச்சுட்டு ரூம்ல ஒரு தூக்கம் போடுங்க, சாயந்திரத்துக்கு ஒரு எடம் இருக்கு, அதுக்குத் தெம்பு வேணும்.

அது திருநாதர் குன்று. செஞ்சிலேர்ந்து சிங்கவரம் போற ரோட்ல, டவுனை விட்டு வெளில வந்ததும் வரும், 4 மணிக்கு மேல போங்க. பெரிய பாறை ஒண்ணுல சமணர்களோட குருமாரான 24 தீர்த்தங்கரரையும் ரெண்டு வரிசையா செதுக்கியிருக்காங்க, வரிசைக்கு 12 பேர், சாய்ஞ்ச வெயில் படும்போது ஒவ்வொரு முகமும் தனித்தனியா எழும்பி வரும், அதுக்காகத்தான் சாயந்திரம்னு சொல்றேன். பக்கத்துப் பாறைல ஒரு கல்வெட்டு இருக்கு, 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்ட சந்திரநந்தி ஆசிரியரோட நிசீதிகை, அதாவது அவரு நோன்பிருந்து உயிர் விட்ட எடம்னு. தமிழ் எழுத்து பிராமிலேர்ந்து வட்டெழுத்தா மாறிக்கிட்டிருந்த காலத்துக் கல்வெட்டு, "ஐ" எழுத்து கல்லுல கெடைச்ச ரொம்பப் பழைய எடத்துல இதுவும் ஒண்ணு. 57 நாள். அந்தப் பாறை மேல உக்காந்து அதை ஒரு நிமிஷம் நெனச்சுப் பாருங்க. தயவுசெஞ்சு கல்வெட்டு மேல சாக்பீஸ் தேய்க்காதீங்க, தண்ணி ஊத்திப் படிக்காதீங்க, கீழ பாட்டில் போடாதீங்க, இத்தனை நூத்தாண்டு மழையைத் தாங்கி நின்னதை நம்ம கெடுக்கக் கூடாது.

இருட்டுறதுக்கு முன்னாடி எறங்கிடுங்க. சமண விஷயத்துல ஆர்வம் இருக்குறவங்க வெள்ளிக்கிழமை ராத்திரியே செஞ்சி வந்துட்டா ஒரு அரை நாள் கூடுதலா கெடைக்கும், அப்ப மேல்சித்தாமூரும் போகலாம், தமிழ்ச் சமணர்களோட மடம் இருக்குற ஊரு, பார்சுவநாதர் கோயில், பெரிய தேர், இன்னிக்கும் அங்க நயினார்னு சொல்ற தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இருக்காங்க. சிங்கவரத்துல ஒரே பாறைல குடைஞ்ச பள்ளிகொண்ட ரங்கநாதர் கோயிலும் இருக்கு, நேரம் இருந்தா பாருங்க.

ஞாயித்துக்கிழமை ரூமைக் காலி பண்ணிட்டு காலைலயே பனைமலை. அனந்தபுரம் பக்கம், ஏரிக்கரை ஓரமா சின்ன மலை, மேல தாளகிரீசுவரர் கோயில். காஞ்சிபுரத்துல கைலாசநாதர் கோயில் கட்டின அதே ராஜசிம்ம பல்லவன் கட்டினது. இங்க பாக்க வேண்டியது ஒரு சின்ன சன்னதிக்குள்ள இருக்கு, சிவன் ஆடுறதைப் பாத்துக்கிட்டு நிக்குற பார்வதியோட ஓவியம், தலைக்கு மேல குடை, ஒரு காலை மடக்கி செவுத்துல சாஞ்ச மாதிரி ஒரு நிலை. பாதிக்கு மேல அழிஞ்சு போச்சு, மீதி இருக்குறதே கண்ணை எடுக்க விடாது, சுமார் 1300 வருஷத்துக் கோடு. சன்னதி பூட்டியிருந்தா குருக்கள்கிட்டயோ காவலாளிகிட்டயோ மரியாதையா கேளுங்க, கோயிலுக்கு வர்ற மாதிரி டிரெஸ் பண்ணிட்டுப் போங்க. ஃப்ளாஷ் போடாதீங்க, கை வெக்காதீங்க. கீழ எறங்கினா பாறைல மகிஷாசுரமர்த்தினி குடைவரையும் இருக்கு.

அங்கேர்ந்து மண்டகப்பட்டு, செஞ்சி - விழுப்புரம் ரோட்டுக்குப் பக்கத்துல. பாத்ததும் "இவ்வளவு தானா"ன்னு தோணும், ஒரு பாறை, நாலு தூண், ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு துவாரபாலகர், உள்ள மூணு காலிக் கருவறை. அவசரப்பட்டு வண்டில ஏறிடாதீங்க. தூண்ல மகேந்திரவர்மன் கல்வெட்டு இருக்கு, செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்கு இந்தக் கோயிலை விசித்திரசித்தன் எடுத்தான்னு, அது மகேந்திரவர்மனோட பட்டப்பேரு. ஏழாம் நூத்தாண்டு ஆரம்பம். அது வரைக்கும் இங்க கோயில்னா மரமும் செங்கலும்தான், மழையில கரையும், நெருப்புல எரியும், ஒரு ராஜா கல்லையே குடைஞ்சு பாத்துட்டு அந்தப் பெருமையை எழுதியும் வெச்சுட்டான். பல்லவர் குடைவரைகள்ல இதுதான் மொதல்னு பல ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க, மாமல்லபுரம் எல்லாம் இதுக்குப் பின்னாடிதான். கொழந்தைங்களை அந்தத் துவாரபாலகர் பக்கத்துல நிக்க வெச்சு, அதே மாதிரி கதாயுதம் மேல கை ஊணி நிக்கச் சொல்லுங்க, ரொம்ப நாள் மறக்காது.

பக்கத்துலயே தளவானூர், அதுவும் மகேந்திரவர்மன் குடைவரைதான், முகப்புல மகர தோரணம் இருக்கும், நேரம் இருந்தா போங்க. எண்ணாயிரமும் இந்தப் பக்கம்தான், ராஜேந்திர சோழன் காலத்துல 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் நெல்லும் நெலமும் ஒதுக்கி கல்லூரி நடத்தின ஊரு, அந்தக் கல்வெட்டு அழகிய நரசிம்மர் கோயில்ல இருக்கு. ரெண்டையும் அள்ளிப் போட்டுக்க வேணாம், ஒண்ணு போதும். மேப் சில சமயம் வரப்பு மேலயே வழி காட்டும், சந்தேகம் வந்தா டீக்கடைல "அண்ணா, குடைவரைக் கோயிலுக்கு எப்படிப் போறது"ன்னு கேட்டுடுங்க, கூடவே ஒரு டீயும் சூடா வறுத்த மல்லாட்டையும் (வேர்க்கடலை) வாங்கிக்கோங்க. அறுவடை நேரத்துல ரோட்லயே நெல்லு காயப் போட்டிருப்பாங்க, அவங்க வருஷ உழைப்பு அது, ஒதுங்கி மெதுவா போங்க. கரும்பு ஏத்தின டிராக்டர் பின்னாடி ஒட்டிப் போகாதீங்க, இருட்டுல அதுக்கு லைட்டே தெரியாது.

மதிய சாப்பாட்டை விக்கிரவாண்டி பக்கம் ஹைவேல முடிச்சுட்டு திருவக்கரை. இங்க கல்மரப் பூங்கா இருக்கு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாத்துக்குறது. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஆத்து வெள்ளத்துல அடிச்சுட்டு வந்த மரங்க மணலுக்கு அடியில பொதைஞ்சு, மரத்தோட திசுவுக்குப் பதிலா மெல்ல மெல்ல சிலிக்கா ஏறி கல்லாவே ஆய்டுச்சு. கிளை, இலை, வேர் எதுவும் இல்லாம வெறும் அடிமரமா கெடக்குறதை வெச்சுதான் இது இங்க வளந்த மரம் இல்ல, வேற எங்கயோ இருந்து வந்ததுன்னு கண்டுபுடிச்சாங்க. சோனராட்டுன்னு ஒரு ஐரோப்பியர் 1781-லயே இதைப் பத்தி எழுதியிருக்காரு. வெட்டுன பக்கத்துல வளையம் கூட தெரியும், தட்டிப் பாத்தா கல்லு. கீழ கெடக்குற துண்டு எதையும் பையில போடாதீங்க, சட்டப்படி தப்பு. வக்கிரகாளி அம்மன் இருக்குற சந்திரமௌலீசுவரர் கோயில் பக்கத்துலதான், சோழர் காலத்துது, மூலவர் மும்முக லிங்கம், ராஜகோபுரம், கொடிமரம், நந்தி எதுவும் ஒரே நேர்கோட்டுல இருக்காது, வாசல்ல நின்னு பாருங்க.

3 மணிக்கு வண்டியை எடுத்துடணும், இதை மட்டும் யாரும் தள்ளிப் போட விடாதீங்க. மயிலம் வழியா திண்டிவனம், மலை மேல முருகனை பாக்கணும்னா வண்டிலேர்ந்தே ஒரு கும்பிடு. திண்டிவனத்துல ரெண்டு வழி இருக்கு. ஜிஎஸ்டி ரோட்டையே புடிச்சா தூரம் கம்மி, ஆனா ஞாயித்துக்கிழமை சாயந்திரம் தெக்கத்தி ஊருக்குப் போன சென்னை மொத்தமும் அதுலதான் திரும்பும். நான் மரக்காணம் போய் ஈசிஆர்ல ஏறச் சொல்லுவேன், கொஞ்சம் சுத்துதான், ஆனா ரெண்டு பக்கமும் உப்பளம், உப்பைக் குமிச்சு வெச்சிருப்பாங்க, கெளம்பின நேரம் சரியா இருந்தா வெளிச்சம் இருக்கும்போதே பாத்துடலாம். இந்த மரக்காணத்தைத்தான் சங்க காலத்து எயிற்பட்டினம்னு அறிஞர்கள் சொல்றாங்க, சிறுபாணாற்றுப்படைல பாணனுக்கு வழி சொல்லும்போது இந்தக் கடற்கரைல சுட்ட மீன் கெடைக்கும், அதுக்கப்புறம் திண்டிவனம் பக்கத்துக் கிடங்கிலுக்குப் போன்னு வழிலயே சாப்பாட்டையும் சேத்து சொல்லியிருக்கும். நம்ம அதே வழியை திருப்பிப் போட்டு வர்றோம். உப்பளத்துல வேலை நடக்குற எடத்துக்குள்ள எறங்காதீங்க, பாத்தி மிதிபட்டா உப்பு அழுக்காய்டும், ரோட்டோரமா நின்னு பாத்தா போதும்.

ஈசிஆர்லயும் கோவளத்துலேர்ந்து அக்கரை வரைக்கும் ராத்திரி 7 மணிக்கு மேல நெரிசல் புடிச்சுடும், அதுக்குள்ள வர முடியலன்னு தெரிஞ்சா கல்பாக்கம் தாண்டி எங்கயாவது சாப்புட நிறுத்திட்டு 9 மணிக்கு மேல கெளம்புங்க, நடுவுல மாட்டிக்கிட்டு கொழந்தைங்களைப் பசியோட உக்கார வெக்காதீங்க.